சல்லடையின் கண் எவ்வளவு இருக்க வேண்டும்?



நாள்தோறும் ஐம்பது பேர் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கேட்காமலே கடன் தருகிறேன் என்கிறார். மற்றொருவர் உங்கள் வங்கிக் கணக்கு இன்றிரவு முடக்கப்படும் என்று அச்சுறுத்துகிறார். இன்னொருவர் எங்கோ இறந்துபோன ஓர் அமைச்சரின் கோடிகளை உங்களுக்கே எழுதி வைத்திருப்பதாகக் கண்ணீர் மல்கக் கூறுகிறார். இந்தக் கூட்டத்திற்குள், சத்தம் போடாமல், கையில் ஒரு கடிதத்துடன் உங்கள் பிள்ளையின் எதிர்காலத்தைச் சுமந்துகொண்டு ஒருவர் நிற்கிறார். எல்லோரையும் விரட்டும் வேகத்தில் அவரையும் விரட்டிவிட்டால்?

நான் விரட்டிவிட்டேன். அதனால்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

எங்கள் மத்ரஸாவிற்கு ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு. கலைக்கல்லூரியில் பட்டம் பெற்றவன் என்ற ஒரே காரணத்தால், அதனைக் கவனிக்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்மீது இருந்து வருகிறது. வீட்டில் கணினி இல்லாத மாணவர்கள், தங்கள் விண்ணப்பங்களில் அந்த முகவரியையே கொடுப்பது வழக்கம். 2023ஆம் ஆண்டு வாக்கில் அங்கே வந்து குவிந்த குப்பைக்கு அளவில்லை. நல்ல கடிதம் ஐந்து வந்தால் வேண்டாதது நாற்பது வந்தது. ஒரு வியாழன் இரவு, பொறுமை இழந்து, நானே சில கட்டளைகளை அமைத்தேன். ‘கங்கிராஜுலேஷன்ஸ்’ என்ற சொல் வந்தால் அழித்துவிடு. ‘செலக்டட்’ என்று வந்தால் அழித்துவிடு. மறுநாள் காலை பெட்டி சுத்தமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

அவ்வாண்டு ஜூன் மாதம் எங்கள் மாணவர் ஒருவருக்குக் கல்லூரிப் படிப்பு முழுமைக்குமான உதவித்தொகை கிடைத்தது. தகவல் அனுப்பியவர்கள், நல்ல செய்தி சொல்லும் எவரும் செய்வதையே செய்தார்கள்: வாழ்த்துடன் கடிதத்தைத் தொடங்கினார்கள். பத்து நாட்களுக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. பதினான்காம் நாள் அந்தப் பையன் என் அறை வாசலில் வந்து நின்று, “ஹஜ்ரத், ஏதாவது வந்ததா?” என்றான். தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஏதோ உறுத்தவே, அழிக்கப்பட்டவை கிடக்கும் பகுதியைத் திறந்தேன். நூற்றுக்கணக்கான குப்பைகளுக்கு நடுவே அந்தக் கடிதம் திறக்கப்படாமல் கிடந்தது. தொலைபேசியில் கேட்டபோது, இடம் பட்டியலில் அடுத்திருந்தவருக்குச் சென்றுவிட்டதென்று பணிவாகவே சொன்னார்கள். அவர்கள்மீது எந்தக் குறையும் இல்லை.

அவனுடைய உம்மாவைப் பார்த்து வருத்தம் தெரிவிக்கச் சென்றேன். “வேண்டுமென்றா செய்தீர்கள் ஹஜ்ரத்? அவனுக்கு நாடியது அவ்வளவுதான்” என்று கூறித் தேநீர் கொடுத்தார். ஏசியிருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். அந்தப் பையன் ஓராண்டு கைபேசிக் கடையில் வேலை பார்த்து, 2024இல்தான் கல்லூரியில் சேர்ந்தான்.

பெயர் வந்த கதை

வேண்டாத மின்னஞ்சலுக்கு ‘ஸ்பேம்’ என்று பெயர். இப்பெயரின் பின்னணி நம்மவருக்குச் சற்று முகச்சுளிப்பை உண்டாக்கக்கூடும். அமெரிக்காவில் ஹார்மெல் என்னும் நிறுவனம் 1937இல் விற்பனைக்குக் கொண்டுவந்த டப்பா இறைச்சியின் வணிகப் பெயர் அது. பன்றி இறைச்சியால் ஆனது. 1970இல் பிரிட்டனின் மான்டி பைத்தான் குழுவினர் தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவைக் காட்சி நடித்தனர். அதில் வரும் உணவு விடுதியில் எதைக் கேட்டாலும் அந்த இறைச்சி சேர்ந்தே வரும்; பக்கத்து மேசையினர் அதன் பெயரையே உரக்கப் பாடி, பிறர் பேச்சு காதில் விழாதபடி செய்துவிடுவர். கேட்காமல் வந்து குவிந்து நல்ல பேச்சை அமுக்கிவிடுவதால் கணினி உலகத்தார் இப்பெயரைச் சூட்டினர். இதற்கு எதிராக, நல்ல கடிதத்திற்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் ‘ஹாம்’. அதுவும் பன்றித் தொடைதான்! நமக்கு இரண்டுமே ஒத்துவராத பெயர்கள். ஆகவே இக்கட்டுரையில் குப்பை என்றும் நல்லது என்றும் கூறிச் செல்வோம்.

குப்பைக்கு வயது அதிகம். 1978 மே மாதம், டிஜிட்டல் எக்யுப்மென்ட் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துவர்க் என்பவர், அன்றைய ஆர்பாநெட் வலையிலிருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். இதையே முதல் குப்பை அஞ்சலாகக் குறிப்பிடுவர். 1994 ஏப்ரலில் அரிசோனாவின் வழக்கறிஞர் தம்பதியர் இருவர், அமெரிக்கக் குடியேற்ற அட்டைக் குலுக்கலுக்கு உதவுவதாக ஆயிரக்கணக்கான யூஸ்நெட் குழுக்களில் விளம்பரம் செய்து பெருங்கோபத்தைச் சம்பாதித்தனர். அதன் பின்னர் வெள்ளம் நிற்கவே இல்லை. காரணம் எளிது. தபாலில் ஆயிரம் பேருக்கு விளம்பரம் அனுப்பினால் ஆயிரம் தபால்தலைகள் வேண்டும். மின்னஞ்சலில் பத்து இலட்சம் பேருக்கு அனுப்பினாலும் செலவு அற்பம். பத்துப் பேர் ஏமாந்தாலே இலாபம்.

ஒற்றைச் சொல்லின் பிழை

வடிகட்டுவதற்கு முதலில் கையாளப்பட்ட வழி, நான் அந்த வியாழன் இரவு கையாண்ட அதே வழிதான்: சொல்லைப் பிடி, கடிதத்தைத் தள்ளு. இதில் இரண்டு கேடுகள் உண்டு. குப்பை அனுப்புபவன் விழித்துக்கொண்டால் எழுத்துக்கு நடுவே ஒரு சுழியத்தையோ புள்ளியையோ போட்டு எளிதில் தப்பிவிடுகிறான். கள்ளமில்லாமல் எழுதும் நல்லவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கரை வகைப்படுத்தும்போது, தலைமாணாக்கருக்கு அன்னத்தையும், கடைமாணாக்கருக்கு நெய்யரியையும் உவமையாக்குகிறார். அன்னம் பாலை எடுத்துக்கொண்டு நீரை விடும் என்பது புலவர் மரபு. நெய்யரியோ நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைத் தன்னிடம் பிடித்துக்கொள்ளும். கல்லூரியில் இதனைப் படித்தபோது, என்றேனும் ஒருநாள் நானே நெய்யரி ஒன்றைச் செய்து மத்ரஸாவின் வாசலில் மாட்டுவேன் என்று நினைத்ததில்லை.

இதற்கு மாற்றாக வந்தது புள்ளி முறை. 2001இல் ஜஸ்டின் மேசன் என்பவர் தொடங்கிய ‘ஸ்பேம் அசாசின்’ என்ற இலவச மென்பொருள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது எந்த ஒரு குற்றத்திற்காகவும் கடிதத்தைத் தூக்கிலிடுவதில்லை. தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் உள்ளதா, இத்தனை புள்ளி. அனுப்பிய கணினி கெட்ட பெயர் எடுத்ததா, இத்தனை புள்ளி. நன்னடத்தைக்குப் புள்ளி குறையவும் செய்யும். கூட்டிப் பார்த்து 5 புள்ளியை எட்டினால் குப்பை என்று முத்திரையிடும். இந்த 5 என்பதுதான் சல்லடையின் கண். அதனை 3 ஆக்கினால் கண் சிறுத்துவிடும். குப்பை குறையும், நல்லதும் சிக்கும். 7 ஆக்கினால் நல்லது தப்பும், குப்பையும் கூடவே வரும். இரண்டும் ஒருசேரக் கிடைக்கும் எண் ஒன்று உண்டா என்று கேட்டால், இல்லை. எந்தத் தவற்றை நம்மால் தாங்கிக்கொள்ள முடியும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு மதகுருவின் கணக்கு

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சற்று நிதானமாகப் படியுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் நகரில் தாமஸ் பேய்ஸ் என்ற கிறித்தவ மதகுரு வாழ்ந்தார். 1761இல் அவர் இறந்தபின், அவர் எழுதி வைத்திருந்த கணிதக் கட்டுரையொன்றை நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் எடுத்துச் செப்பனிட, 1763இல் அது வெளியாயிற்று. புதிய சான்று ஒன்று கிடைக்கும்போது நம் பழைய எண்ணத்தை எவ்வளவு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். 1998இல் ஆய்வாளர் சிலர் இதனைக் குப்பை அஞ்சலுக்குப் பொருத்திக் காட்டினர். 2002 ஆகஸ்டில் பால் கிரஹாம் எழுதிய கட்டுரையால் இம்முறை உலகெங்கும் பரவிற்று.

அது எவ்வாறு இயங்குகிறது? நான் சொல்லும் எண்கள் விளக்கத்திற்காக மட்டுமே. உங்களிடம் வந்த நூறு குப்பைகளையும் நூறு நல்ல கடிதங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘வாழ்த்துகள்’ என்ற சொல் குப்பையில் 40 இடத்திலும் நல்லதில் 2 இடத்திலும் வருகிறது. எனவே அச்சொல்லைக் கண்டதும் சந்தேகம் 20 மடங்காகிறது. நான் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டேன். கணக்கு நிறுத்துவதில்லை. அதே கடிதத்தில் ‘மதிப்பெண் பட்டியல்’ என்று வருகிறது. அது குப்பையில் 3, நல்லதில் 30. சந்தேகம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்து 2 மடங்கில் வந்து நிற்கிறது. அடுத்து எங்கள் மத்ரஸாவின் பெயர். அது குப்பையில் 1, நல்லதில் 20. இருபதில் ஒரு பங்கு. இப்போது சந்தேகம் 2க்கு 20 என்றாகிவிட்டது. அதாவது, குப்பையாக இருக்க நூற்றுக்கு ஒன்பது வாய்ப்புத்தான். வாசலில் நிற்பவரை உள்ளே அழைத்துவிடலாம்.

பார்த்தீர்களா? பையனின் கடிதத்தைக் காப்பாற்ற அக்கடிதத்திலேயே சான்றுகள் இருந்தன. நான் ஒரு சொல்லை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதினேன்.

கிரஹாம் தம் கணக்கில் ஒரு நுட்பம் சேர்த்தார். நல்ல கடிதங்களில் ஒரு சொல் வந்த எண்ணிக்கையை இருமடங்காக்கிக் கொண்டார். குப்பை ஒன்று உள்ளே நுழைவதைவிட நல்லது ஒன்று வெளியே தள்ளப்படுவது பெரிய இழப்பு என்பதால், வேண்டுமென்றே தராசை நல்லதின் பக்கம் சாய்த்து வைத்தார். சல்லடையைத் திருத்த விரும்பும் எவரும் முதலில் செய்ய வேண்டியது இந்தச் சாய்வைத் தம் மனத்தில் ஏற்படுத்திக்கொள்வதுதான்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இக்கணக்கு ஒவ்வொருவருக்கும் வேறுபடும். ‘நன்கொடை’, ‘கணக்கு எண்’, ‘அவசரம்’ ஆகிய சொற்கள் ஒரு கல்லூரி மாணவியின் பெட்டியில் ஐயத்திற்குரியவை. மத்ரஸாவின் பெட்டியில் அவை அன்றாடச் சொற்கள். ஆகவே சல்லடைக்குக் கற்றுக்கொடுப்பவர் நீங்களாக இருக்க வேண்டும்.

நம் கையில் இருப்பவை

கற்றுக்கொடுப்பது எப்படி? வேண்டாத கடிதம் வந்தால் வெறுமனே அழிக்காதீர்கள். அழிப்பதால் சல்லடை எதையும் கற்றுக்கொள்வதில்லை. ‘ஸ்பேம்’ என்று குறிக்கும் பொத்தானை அழுத்துங்கள். அதைவிட முக்கியம், குப்பைப் பகுதியில் தவறி விழுந்த நல்லதைக் கண்டால் ‘ஸ்பேம் அல்ல’ என்பதை அழுத்துவது. முதலாவதைப் பலர் செய்கிறார்கள். இரண்டாவதைச் செய்வோர் குறைவு. கெட்டதை மட்டும் காட்டி நல்லதைக் காட்டாமல் வளர்த்த பிள்ளைபோல அது எல்லாவற்றையும் சந்தேகிக்கத் தொடங்கும். ஸ்பேம் அசாசினின் கற்கும் பகுதி, 200 குப்பைகளையும் 200 நல்ல கடிதங்களையும் பார்த்து முடிக்கும் வரை வாயே திறக்காது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. கணினியில் தண்டர்பேர்ட் பயன்படுத்துவோரும் இருவகையையும் காட்டியே பழக்க வேண்டும்.

நீங்களே கட்டளை அமைக்க விரும்பினால் ஜிமெயிலைக் கணினியில் திறந்து, அமைப்புகள் பகுதியில் ஃபில்டர் என்னும் இடத்திற்குச் செல்லுங்கள். நான் கற்ற பாடம்: ‘அழித்துவிடு’ என்ற கட்டளையை எதற்கும் கொடுக்காதீர்கள். தனியாக ஒரு லேபிளின்கீழ் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். அழிக்கப்பட்டவையும் ஸ்பேமில் விழுந்தவையும் ஜிமெயிலில் 30 நாட்களில் தாமாகவே மறைந்துவிடும். ஒதுக்கி வைத்தவை மறைவதில்லை. கட்டளையை உறுதிசெய்யுமுன் அதே சொல்லைப் போட்டுத் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே வந்த கடிதங்களில் எவையெல்லாம் அதில் சிக்கும் என்பது கண்முன் தெரியும். நல்ல கடிதம் ஒன்றேனும் அப்பட்டியலில் இருந்தால் கட்டளையை மாற்றுங்கள். நான் அந்த இரவு ஒரு நிமிடம் இதைச் செய்திருந்தால் போதும்.

சொல்லைவிட அனுப்புநரை வைத்துக் கட்டளை அமைப்பது பாதுகாப்பானது. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, வங்கி ஆகியவற்றின் முகவரிகளைக் குறிப்பிட்டு, ‘ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே’ என்று அமைத்துவிடலாம். எங்கேனும் விண்ணப்பித்தால், பதில் வருவதற்கு முன்பே அந்த முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேர்த்து வைப்பதும் நல்ல பழக்கம்.

தேடும்போது ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். சாதாரணத் தேடல் ஸ்பேம் பகுதியையும் அழித்தவற்றையும் பார்ப்பதில்லை. அவற்றையும் சேர்த்துத் தேடுமாறு தனியே தேர்ந்தெடுக்க வேண்டும். “தேடினேன், இல்லை” என்று பையனிடம் நான் முதலில் சொன்னதற்கு இந்த அறியாமையே காரணம்.

கடைகளுக்கு முகவரி கொடுக்க நேர்ந்தால் ஒரு தந்திரம் உண்டு. ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின், ‘அட்’ குறிக்கு முன், ஒரு கூட்டல் குறியும் கடையின் பெயரும் சேர்த்து எழுதினாலும் கடிதம் உங்களுக்கே வரும். பின்னர் அந்த முகவரிக்குக் குப்பை வந்தால், அதனை வெளியே விட்டவர் யார் என்பது புரிந்துவிடும். ஒற்றைக் கட்டளையில் ஒதுக்கியும் விடலாம். சில இணையதளங்கள் கூட்டல் குறியை ஏற்க மறுக்கும். அப்போது வேறு வழியில்லை.

விளம்பரக் கடிதத்தின் அடியில் ‘அன்சப்ஸ்கிரைப்’ என்றிருக்கும். நீங்கள் பொருள் வாங்கிய, பெயர் தெரிந்த நிறுவனமாயின் அதை அழுத்தி விலகுங்கள். முன்பின் தெரியாதவனின் கடிதமாயின் தொடாதீர்கள். இந்த முகவரியில் உயிருள்ள ஒருவர் இருக்கிறார் என்று அவனுக்கு நீங்களே அறிவித்ததாகிவிடும். படங்கள் தாமாகத் திறப்பதை நிறுத்தி வைப்பதும் இதே காரணத்தால் நன்று. கண்ணுக்குத் தெரியாத சிறு படம் ஒன்று, நீங்கள் கடிதத்தைத் திறந்த செய்தியை அனுப்பியவருக்குச் சொல்லிவிடக்கூடும்.

நாமும் அனுப்புகிறோமே!

ஒரு கசப்பான செய்தியையும் சொல்லியாக வேண்டும். ரமளான் வந்ததும் நம் அமைப்புகள் பல, கையில் கிடைத்த முகவரிகளுக்கெல்லாம் ஒரே வேண்டுகோளை அனுப்புகின்றன. எங்கள் மத்ரஸாவும் அனுப்பியிருக்கிறது. பெறுபவர் கேட்காத கடிதம் எவ்வளவு நல்ல நோக்கத்தில் எழுதப்பட்டாலும் அவருக்கு அது குப்பைதான். கூகுளும் யாகூவும் 2024 பிப்ரவரி முதல் விதிகளை இறுக்கியுள்ளன. நாளொன்றுக்கு 5000க்கு மேல் அனுப்புவோர் தம் முகவரி மெய்யானதுதான் என்பதற்கு எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி-மார்க் என்னும் சான்றுகளை அமைத்திருக்க வேண்டும். விளம்பரக் கடிதமாயின் ஒரே அழுத்தத்தில் விலகும் வசதி தர வேண்டும். ஆயிரம் கடிதங்களுக்கு மூன்று பேர் ‘ஸ்பேம்’ என்று குறிக்கும் அளவை எட்டக்கூடாது. நாம் அவ்வளவு பெரிய அனுப்புநர் அல்லர். எனினும் பலர் எரிச்சலில் அப்பொத்தானை அழுத்தினால், மறுநாள் நாம் ஒரு பெற்றோருக்கு எழுதும் கடிதமும் அவருடைய குப்பைப் பகுதியில் போய் விழலாம். கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்புவது என்று எங்கள் நிர்வாகக் குழுவில் பேசி முடிவு செய்தோம். பட்டியல் கால்வாசியாகச் சுருங்கியது. பதில் எழுதுவோர் எண்ணிக்கை சுருங்கவில்லை.

சல்லடைக்குத் தப்பியவை

எவ்வளவு திருத்தினாலும் சில நுழைந்தே தீரும். தனி ஒருவருக்கென்றே கவனமாக எழுதப்பட்ட மோசடிக் கடிதத்தில், சல்லடை ஐயுறும்படி ஒன்றும் இராது. எங்களுக்கு வந்த ஒன்றைச் சொல்கிறேன். வெளிநாட்டில் வாழும் நோயுற்ற விதவையொருவர், தம் கணவர் விட்டுச்சென்ற செல்வத்தை முஸ்லிம் அநாதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க விரும்புவதாக எழுதியிருந்தார். ஸலாமுடன் தொடங்கி துஆவுடன் முடிந்தது. எங்கள் பொருளாளர் கண் கலங்கிவிட்டார். மூன்றாம் கடிதத்தில், பணத்தை விடுவிக்க ‘சிறிய கட்டணம்’ கேட்கப்பட்டது. நைஜீரியக் குற்றவியல் சட்டத்தின் மோசடிப் பிரிவு எண்ணைக் கொண்டு 419 என்று உலகெங்கும் அழைக்கப்படும் பழைய ஏமாற்று வேலை இது; ஆளுக்கேற்றாற்போல் உடை மாற்றிக்கொண்டு வருகிறது. நல்லவேளை, பொருளாளர் வங்கிக்குப் புறப்படுமுன் என்னிடம் காட்டினார். யாரேனும் பணத்தை இழந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால், பணம் கைமாறுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. வெட்கப்பட்டு மறைத்தால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

இப்போது ஒவ்வொரு வியாழனும் அஸருக்குப் பின் குப்பைப் பகுதியைத் திறந்து பார்க்கிறோம். என்னுடன் உட்காருபவன் அந்தப் பையனின் தம்பி. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். தலைப்பையும் அனுப்புநரையும் அவன் உரக்கப் படிப்பான், நான் ஆம் அல்லது இல்லை என்பேன். பத்து நிமிட வேலை. சில நேரம் நான் ‘இல்லை’ என்று சொன்ன பிறகும், “ஒருமுறை திறந்து பார்த்துவிடுவோமே ஹஜ்ரத்” என்பான். மறுப்பதில்லை. போன வாரம் அங்கே நல்ல கடிதங்கள் இரண்டு கிடந்தன. ஒன்று மின்கட்டண ரசீது. மற்றொன்று பழைய மாணவர் ஒருவரின் நிகாஹ் அழைப்பு. அதற்கு மூன்று நாட்கள் மீதம் இருந்தன. ஞாயிறன்று போய் வந்தோம்.